அசைவம் பிடிக்கும், ஆனாலும் விட வேண்டும்: நாக்குக்கு ஒரு கணக்கு, உடம்புக்கு ஒரு கணக்கு

புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாமல் இருந்துவிட்டு, அது முடிந்த முதல் ஞாயிறு விடிகாலையிலேயே கறிக்கடை வாசலில் வரிசை கட்டும் ஊர் நம்முடையது. அன்றைக்குக் காசிமேட்டில் வஞ்சிரம் விலை கேட்டுப் பாருங்கள், தெரியும். ஒரு மாதம் இருக்க முடிந்தவர்களால் ஏன் அதற்கு மேல் முடியவில்லை? மன உறுதி போதவில்லை என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் கோளாறு தட்டில்தான் இருக்கிறது. வழக்கமான சாப்பாட்டிலிருந்து கறியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டிருப்பார்கள்: சாதம், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். முடியும் தேதி தெரியும் என்பதால் ஓட்டிவிட்டார்கள். தேதி இல்லாமல் அப்படி ஓட்ட முடியாது.

டாக்டர் சொன்னார் என்று விடுகிறவர்கள் உண்டு. வேண்டுதல், வள்ளலார் வழி, உயிர்களிடம் இரக்கம் என்று விடுகிறவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும், அசைவத்தை ரசித்துச் சாப்பிட்டவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கறி ஒரே துண்டில் நாக்குக்கு ருசியும் உடம்புக்குப் புரதமும் தந்துகொண்டிருந்தது. சைவத்தில் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் பொருள் அபூர்வம். காளானும் பலாக்காயும் கடிக்கக் கறி மாதிரி இருக்கும், புரதம் 100 கிராமுக்கு 2, 3 கிராம்தான். பருப்பில் புரதம் இருக்கிறது, கறிக்கான ஏக்கத்தை அது தீர்க்காது. இரண்டுக்கும் தனித்தனியாக வழி பண்ணாதவர்கள்தான் மூன்றாவது மாதம் பிரியாணிக் கடைக்குத் திரும்புகிறார்கள்.

முதலில் நாக்கு. கறியில் நமக்குப் பிடித்தது என்ன என்று நிதானமாக யோசித்தால், அதில் பாதிக்கு மேல் கறியே இல்லை. சோம்பு, பட்டை, கல்பாசி, வறுத்த தேங்காய், நல்லெண்ணெயில் சிவந்த சின்ன வெங்காயம். இவையெல்லாம் செடியிலும் மரத்திலும் வந்தவை. மிச்சம் இருப்பது கொழுப்பின் வழவழப்பு, சட்டியில் பிடித்துச் சிவக்கும்போது வரும் வாசனை, பல்லுக்குக் கிடைக்கும் கடி, அடிநாக்கில் தங்கும் உமாமி சுவை. அந்த உமாமிக்குக் காரணமான குளுட்டமேட்டை 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா பிரித்தெடுத்தது கடற்பாசியிலிருந்து, மாமிசத்திலிருந்து அல்ல. நன்றாகப் பழுத்த தக்காளியிலும் காளானிலும் அது இருக்கிறது. அதனால் கறிக்குழம்பு மசாலாவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தக்காளியை எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்குங்கள். சைவம் என்றதும் மசாலாவையும் எண்ணெயையும் சேர்த்துக் குறைப்பது தொடக்கத்திலேயே செய்யும் தப்பு. அதை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

காளான் சொதப்புவதற்கு ஒரே காரணம் தண்ணீர். 200 கிராம் பாக்கெட்டை மொத்தமாக சின்ன வாணலியில் கொட்டி, உடனே உப்பும் போட்டால், அது தன் தண்ணீரிலேயே வெந்து ரப்பராகிவிடும். அகலமான இரும்புக் கடாயை நன்றாகக் காயவிட்டு, பாதிப் பாதியாகப் போட்டு, பெரிய தீயில் கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டுத் திருப்புங்கள். ஓரம் சிவந்த பிறகுதான் மசாலா, கடைசியில்தான் உப்பு. மொட்டுக் காளானைவிட சிப்பிக் காளான் நார் நாராகக் கிழியும், சிக்கன் பிரியர்களுக்கு அது ஒத்துவரும்.

மீல்மேக்கர், அதாவது சோயா உருண்டை, மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. கடியும் உண்டு, புரதமும் உண்டு: காய்ந்த நிலையில் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம். ஆனால் 'ஐயோ, அந்த வாடை' என்று முதல் நாளே ஒதுக்கிவிடுவார்கள். ஒரு ஆளுக்கு 25 கிராம், அதாவது ஒரு கைப்பிடி எடுத்து, உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். வடித்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் வைத்து ஒட்டப் பிழியுங்கள். வாடை அந்தத் தண்ணீரோடு போகும். பிழியாமல் விட்டால் உள்ளே தண்ணீர் நிற்கும், மசாலா ஏறாது, தின்றால் ஈரப் பஞ்சு. பிழிந்ததைத் தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், உப்பில் அரை மணி நேரம் ஊறவைத்து, சுக்காவாகச் சுருட்டுங்கள். குழம்பில் போடுவதாக இருந்தால் இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போட்டால் போதும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் காலையில் சோயா வேண்டாம், அது மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மதியமோ இரவோ வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் ஆட்களுக்கு வேறு வழி. சேனைக்கிழங்கைப் புளித்தண்ணீர், மஞ்சள்தூள் சேர்த்து முக்கால் வேக்காடு எடுத்து, மீன் வறுவல் மசாலாவில் கொஞ்சம் அரிசி மாவு கலந்து தடவி, தோசைக்கல்லில் போடுங்கள். புளி சேர்ப்பது நாக்கு அரிக்காமல் இருக்க. கருவாட்டுப் பைத்தியங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம்: அந்த வாசனைக்குச் சைவத்தில் ஈடு கிடையாது. ஆனால் கருவாட்டுக் குழம்பில் கூடவே கிடக்கும் மொச்சையும் கத்திரிக்காயும் அதே காரம், அதே புளியில் தனியாக நின்று சமாளிக்கும்.

இனி உடம்புக் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, வளர்ந்தவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினம் வேண்டும். தானியமும் பருப்பும் மட்டுமே ஆதாரம் என்றால் அதன் தரம் கொஞ்சம் குறைவு என்பதால், கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 60 கிலோ ஆளுக்கு 60 கிராம்.

'தினம் சாம்பார் சாப்பிடுறேனே, அது போதாதா?' என்று கேட்காதவர்கள் இல்லை. வீட்டுச் சாம்பார் ஒரு கரண்டியில் 15 கிராம் துவரம்பருப்பு இருந்தால் அதிகம். புரதம் 3 கிராம். ஓட்டல் சாம்பாரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரு நாளைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் 3 இட்லியில் 6 கிராம், சாம்பாரில் 3. மதியம் இரண்டு சின்னக் கிண்ணம் சாதத்தில் 6, 25 கிராம் பாசிப்பருப்புப் போட்ட கூட்டில் 6, ஒரு கப் தயிரில் 5. சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டலில் 9. இரவு 3 சப்பாத்தியில் 9, மீல்மேக்கரில் 13, படுக்கும்முன் ஒரு டம்ளர் பாலில் 6. மொத்தம் 63. இதில் சுண்டலையும் மீல்மேக்கரையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 41 மட்டுமே. புதிதாகச் சைவத்துக்கு மாறியவர்கள் 'உடம்பு தளர்ந்துபோச்சு' என்று சொல்லும்போது அவர்கள் தட்டில் பெரும்பாலும் இந்த 41 கணக்குதான் இருக்கும். பன்னீர் 100 கிராமில் 18 கிராம் புரதம் உண்டு, கூடவே கொழுப்பும் நிறைய. தினம் பன்னீர் பட்டர் மசாலா என்று இறங்கினால் இடுப்பு காட்டிக்கொடுக்கும்.

சுண்டல் நேரம் முக்கியம். ஆசை தலைக்கேறுவது சாயங்காலம் ஆறு மணிக்கு, தெருமுனைத் தள்ளுவண்டியில் சிக்கன் பக்கோடா எண்ணெயில் விழும் நேரத்தில். அப்போது வயிறு காலியாக இருந்தால் எந்தக் கொள்கையும் நிற்காது. ஐந்தரைக்கே சுண்டலோ ஒரு கை வேர்க்கடலையோ உள்ளே போயிருந்தால் அந்த வண்டியைத் தாண்டிப் போய்விடலாம்.

பயறு வகைகளை ஒரே நாளில் மூன்று மடங்காக்கினால் வயிறு ஊதும். 'எனக்குச் சைவம் ஒத்துக்கல' என்ற புகாரில் பாதி இந்த வாயுத் தொல்லைதான். முழுப் பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முதல் வாரம் பாசிப்பயறும் பாசிப்பருப்பும், பிறகு கொண்டைக்கடலை, கடைசியில் ராஜ்மா. ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி பேதி வரும், விரலால் நசுக்கினால் மசியும்வரை குக்கரில் வேக வேண்டும்.

இரும்புச்சத்தில் சென்னைக்காரர்கள் கோட்டை விடும் இடம் ஃபில்டர் காபி. கறியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரை, பயறில் உள்ளது அப்படிச் சுலபத்தில் சேராது, கூடவே காபியோ டீயோ போனால் இன்னும் குறையும். டிபன் முடிந்த கையோடு காபி என்ற பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். கீரை சாப்பிடும்போது நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டலில் எலுமிச்சை, பழம் என்றால் கொய்யா: வைட்டமின் சி அந்த இரும்பை இழுத்து வரும்.

வைட்டமின் பி12 பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். கீரை, பருப்பு, கொட்டை எதிலும் அது கிடையாது. இட்லி மாவு புளிப்பதால் கிடைக்கும் என்பதை நம்பி இருக்க முடியாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பால், தயிர், முட்டை, இவைதான் வழி. நம் கல்லீரல் பி12-ஐ வருடக்கணக்கில் சேமித்து வைக்கும் என்பதால், விட்ட முதல் வருடம் ஒன்றுமே தெரியாது. 'பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிறகுதான் உள்ளங்கால் மதமதப்பு, நாக்கு எரிச்சல், மறதி எல்லாம் தலைகாட்டும். கீரையில் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, நெஞ்செரிச்சலுக்கு பேன்டோபிரசோல் வகை மாத்திரையோ நீண்ட நாளாக எடுப்பவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். அசைவத்தை விடும் முன்பே ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12 மூன்றையும் ஒருமுறை பாருங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடியும். பாலும் வேண்டாம் என்பவர்கள் பி12 மாத்திரை இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. அளவை டாக்டர் முடிவு செய்யட்டும். மருந்துக்கடையில் நீங்களாக ஊசி வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து. கறி போன இடத்தைச் சாதமும் கிழங்கும் நிரப்பினால் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு ஏறும். கறி இருந்த இடத்துக்குப் பயறுதான் வர வேண்டும், இன்னொரு கரண்டிச் சாதம் அல்ல. டயாலிசிஸில் இருப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாக எதையும் மாற்றக் கூடாது. வளரும் பிள்ளைகளை உங்கள் விரதத்தில் சேர்க்காதீர்கள். குறைந்தது முட்டையாவது இருக்கட்டும்.

எதை முதலில் விடுவது? ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் கை வைக்காதீர்கள், அது கடைசி. ருசிக்காக இல்லாமல் வசதிக்காகத் தின்பது எல்லோரிடமும் உண்டு: அலுவலக கேன்டீன் சிக்கன் கிரேவி, ராத்திரி பார்சல். அதை முதல் மாதம் நிறுத்துங்கள், ஏக்கம் வராது. இரண்டாம் மாதம் வீட்டுக் குழம்பில் கறியைப் பாதியாக்கி மொச்சையோ மீல்மேக்கரோ சேருங்கள். கொத்துக்கறி செய்கிற வீட்டில் பாதிக்குப் பாதி சோயாத் துருவல் போட்டால் பலருக்குக் கண்டுபிடிக்கவே தெரியாது. மூன்றாம் மாதம் ஞாயிறு மட்டும். பிறகு அதையும் மாதம் ஒன்றாக்கி நிறுத்தலாம். இடையில் கல்யாண வீட்டில் அத்தை 'ஒரே ஒரு பீஸ் வெச்சுக்கப்பா' என்று போட்டுவிட்டால், எல்லாம் போச்சு என்று அன்றே கைவிட வேண்டியதில்லை, அடுத்த வேளையிலிருந்து தொடரலாம். ரொம்ப நாள் விட்டுச் சாப்பிட்டால் கறி செரிக்காது என்பது வெறும் பேச்சு. அந்த மந்தம் கொழுப்பாலும் அளவாலும் வருவது.

வெளியே சாப்பிடும்போது ஏமாறும் இடங்கள் சில. குஸ்கா என்பது வெறும் சாதம் அல்ல, கறி வெந்த அதே அண்டாவிலிருந்து பீஸ் இல்லாமல் அள்ளித் தருவது. பரோட்டாக் கடைச் சால்னாவில் எலும்புச் சாறு இருக்கும், சில கடைகளில் பரோட்டா மாவில் முட்டையும் சேர்ப்பார்கள். வண்டிக்கடை வெஜ் ஃபிரைடு ரைஸ் அதே வாணலி, அதே கரண்டி. எவ்வளவு கண்டிப்பு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பாக்கெட் பொருளில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முட்டை சேர்ந்த கேக்கும் அசைவக் குறியில்தான் வரும், பால் சேர்ந்தது சைவக் குறியில் வரும். மருந்துக் கேப்சூல்களின் மேலுறை பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின். அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.