புது லாட் தோட்டா: ஸைட்டைத் தொடுவதற்கு முன்

50 மீட்டர் ரைஃபிள் சுடுபவர்கள் பழைய பெட்டி தீர்ந்து புதியதைப் பிரித்ததும் செய்யும் முதல் தவறு, ஐந்து குண்டு மேலே ஏறியதைப் பார்த்து உடனே ஸைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, திருகுவது. பிராண்ட் அதே, பெட்டி அதே. ஆனால் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், வேறு. வெடிமருந்து ஒவ்வொரு தயாரிப்பிலும் எரியும் வேகத்தில் கொஞ்சம் மாறும். தோட்டா விளிம்பின் தடிமன், குண்டின் மேல் பூசும் மெழுகு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமிங் கலவை ஆகியவையும் அப்படித்தான். இந்த ரைஃபிளில் போடும் .22 தோட்டாவைப் பிரித்து மருந்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. நம் கையில் இருப்பது தேர்வு மட்டும்தான்.

நொடிக்கு 325 மீட்டரில் போகும் குண்டின் வேகம் 3 மீட்டர் குறைந்தால், 50 மீட்டரில் சுமார் 2 மி.மீ. கீழே இறங்கும். இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. தசம மதிப்பெண்ணில் 0.1 என்பது 0.8 மி.மீ. ஆக, இரண்டு தசமத்துக்கும் மேல் போய்விடுகிறது. லாட் மொத்தமாக நகர்ந்தால் ஸைட்டின் திருகில் சில கிளிக் போட்டுச் சரிசெய்துவிடலாம். லாட்டுக்குள்ளேயே வேகம் ஏறி இறங்கினால் எந்த ஸைட்டாலும் சரிசெய்ய முடியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் சோதனை.

அதனால் பழையதில் 20 தோட்டா மிச்சமிருக்கும்போதே புதுப் பெட்டியைத் திறங்கள். முதல் 10 கணக்கில் வேண்டாம். பேரலில் (துப்பாக்கிக் குழலில்) புது மெழுகு படியட்டும். பிராண்டே மாறினால் பேரலைச் சுத்தம் செய்து, 20 வரை கணக்கில் எடுக்காமல் சுடுங்கள். பிறகு துப்பாக்கியைத் தாங்க ரெஸ்ட் வைத்து, ஸைட்டைத் தொடாமல், தனித்தனித் தாளில் பத்துப் பத்தாக: பழையது, புதியது, புதியது, பழையது, மறுபடி புதியது இரண்டு. இப்படி மாற்றி மாற்றிச் சுட்டால் காற்றின் தவறு புது லாட்டின் மேல் விழாது. சென்னையில் கடல்காற்று ஏறுவதற்கு முன், காலையிலேயே முடித்துவிடுவது உத்தமம். புதியதன் நான்கு தாள்களையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். மிக அழகான குரூப்பை, அதாவது ஓட்டைகள் நெருங்கி விழுந்த கூட்டத்தை, பார்த்து மயங்க வேண்டாம். மிக மோசமான குண்டு எங்கே போனது என்று பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகம் சீராக இல்லை. அந்த லாட் பயிற்சிக்கு மட்டும். குரூப் இறுக்கமாக இருந்து இடம் மட்டும் நகர்ந்திருந்தால், நாற்பது குண்டின் நடுவைக் கணக்கிட்டு அப்போது ஸைட்டைத் திருப்புங்கள். போட்டியன்று இரண்டு லாட்டைக் கலக்கவே கூடாது.

மே வெயிலில் காரின் டிக்கியில் தோட்டாவை வைக்காதீர்கள். மெழுகு இளகி ஒரு பக்கம் வழியும், மணல் ஒட்டும். நல்ல லாட்டையும் அது கெடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். சுடும்போது சத்தம் மந்தமாகக் கேட்டாலோ தாளில் ஓட்டை விழாவிட்டாலோ அடுத்ததை ஏற்றாதீர்கள். முனையைத் தாளின் பக்கமே வைத்து ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். அவர் சொன்ன பிறகே போல்ட்டைத் திறந்து, பேரலுக்குள் கிளீனிங் ராடு முழுதாகப் போகிறதா என்று பாருங்கள். குண்டு உள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் பேரல் வீங்கும், பிளக்கவும் கூடும்.