இஸ்திரி போட்டால் இறுகும் படகு

டொரண்டோவில் இருக்கும் வாசகர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். அவருடைய கராஜில், இரண்டு ஸ்டூல்களுக்கு மேல் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு மரக்கூடு. சதை எடுத்த மீன்முள் மாதிரி. அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறது. முன்பாதித் துணி கசங்கி, தொளதொளவென்று தொங்குகிறது. பின்பாதி ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விறைத்து நிற்கிறது. பக்கத்து மேஜையில் வீட்டு இஸ்திரிப் பெட்டி.

"கனூ என்ற நீளத் துடுப்புப் படகு கட்டுகிறேன். இதற்கு முன் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை. துணியைப் போர்த்தி இஸ்திரி போட்டால் இறுகும் என்றார்கள். போட்டேன், இறுகிவிட்டது. ஆனால் சூடுபட்டால் பொருள் விரியும் என்றுதானே படித்தோம்? இது எப்படிச் சுருங்குகிறது? இப்படி இறுகியது வெயிலில் இன்னும் இறுகிக் கூட்டை நொறுக்கிவிடாதா?"

இந்தக் கேள்விக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு மிகப் பிடித்த ஒரு விஷயம் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் படகைப் பற்றிக் கொஞ்சம். மெல்லிய கூடு ஒன்று கட்டி, அதன்மேல் தண்ணீர் புகாத தோலைப் போர்த்துவது மிகப் பழைய முறை. மரமே முளைக்காத ஆர்க்டிக் கரைகளில் வாழ்ந்த இனுயிட் மக்கள் கடலில் மிதந்து வந்த கட்டைகளைச் சேர்த்துக் கூடு கட்டி, சீல் தோலைத் தைத்துப் போர்த்தினார்கள். கிரீன்லாந்தில் கரை ஒதுங்கும் கட்டைகளில் பல சைபீரிய ஆறுகள் அடித்துக்கொண்டு வந்தவை. நம் ஒகேனக்கல் பரிசலும் இதே குடும்பம்தான். மூங்கில் பிளாச்சுகளைக் கூடையாக முடைந்து, முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். வட்டப் பரிசலும் நீள கனூவும் பார்க்க வேறு வேறு என்றாலும் உள்ளே ஒரே யோசனைதான்: மரம் அமுக்கத்தைத் தாங்கட்டும், தோல் இழுவிசையைத் தாங்கட்டும். இப்படிப் பிரித்துக் கொடுத்தால் இரண்டுமே மெல்லியதாக இருந்தால் போதும். அதனால்தான் இந்த வகைக் கனூவை ஒருவரே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏரிக்கு நடக்க முடிகிறது.

கூடு கட்டுவதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்விளிம்புக்கு இரண்டு நீளச் சட்டங்கள். அடியில் வாலிருந்து தலைவரை சில மெல்லிய ரீப்பர்கள். குறுக்கே விலா எலும்பு மாதிரி வளைந்த பட்டைகள்; ஆஷ் மரப் பட்டைகளை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து வைப்பார்கள். மர நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின், ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும், ஆறினால் மறுபடி இறுகும். மூங்கிலை நெருப்பில் வாட்டி வளைப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சேருமிடங்களில் ஆணிக்குப் பதில் மெழுகு தடவிய நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். ஆணி மெல்லிய மரத்தைப் பிளந்துவிடும். கட்டு, அடிபட்டால் கொஞ்சம் நெளிந்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும்.

துணி போர்த்தும்வரை இந்தக் கூட்டைப் பிடித்து முறுக்கினால் கையோடு முறுகும். துணி இறுகியதும் முறுகாது. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு தளர்ந்த கட்டில் நாலு காலும் நாலு திசையில் ஆடும். கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டால் அதே சட்டம் கல் மாதிரி நிற்கும். இங்கே கயிறு இழுக்கும் வேலையைச் செய்வது இஸ்திரிப் பெட்டி.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம்.

ஒரு ரப்பர் பேண்டை எடுங்கள். கொஞ்சம் தடித்ததாக இருந்தால் நல்லது. சட்டென்று இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியே சில நொடி காத்திருந்துவிட்டு, தளர்த்தியதும் மறுபடி உதட்டில் வையுங்கள். குளிர்ந்திருக்கும். இதைக் கவனித்து 1805இல் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் கஃப். சின்ன வயதில் பெரியம்மையில் கண் பார்வையை இழந்தவர். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தவரும் இவரே. பார்வை இல்லாத ஒருவர் உதட்டால் கண்டுபிடித்தது இது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. அவர் இன்னொன்றும் கண்டார்: எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்கி, எடையை மேலே தூக்குகிறது. வீட்டில் ஹேர் டிரையர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். இதே எடையை இரும்புக் கம்பியில் கட்டிச் சூடாக்கினால் கம்பி நீளத்தான் செய்யும்.

ஏன் இந்த வித்தியாசம்? ரப்பரும், வாசகர் போர்த்தியிருக்கும் துணியான பாலியஸ்டரும் நீள நீளச் சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. மெல்லிய கழுத்துச் சங்கிலி ஒன்றை நகைப்பெட்டியில் நேராக நீட்டி வைத்து, பெட்டியைக் குலுக்குங்கள். திறந்து பார்த்தால் சுருண்டு கிடக்கும். யாரும் அதைச் சுருட்டவில்லை. கண்ணிகள் ஒன்றையொன்று ஈர்க்கவும் இல்லை. பிறகு எப்படிச் சுருண்டது?

எண்ணிப் பார்த்தால் தெரியும். பத்துக் கண்ணி உள்ள சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணியும் நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று விதமாகத் திரும்பலாம். மொத்தம் எத்தனை வடிவங்கள்? மூன்றைப் பத்து முறை பெருக்கினால் 59,049. இதில் முழுக்க நேராக இருக்கும் வடிவம் ஒன்றே ஒன்று. நூறு கண்ணிகள் என்றால் வடிவங்களின் எண்ணிக்கை 48 இலக்கம் கொண்ட ஓர் எண்; நேரான வடிவம் அப்போதும் ஒன்றுதான். குலுக்கக் குலுக்கச் சங்கிலி கண்டபடி வடிவம் மாறுகிறது. அந்தப் பெருங்கடலில் நேரான ஒன்று மறுபடி வாய்க்குமா? வாய்க்காது. சுருண்டிருக்க வழிகள் ஏராளம், நேராக இருக்க வழி ஒன்று. வேறு காரணம் தேவையில்லை.

இப்போது அந்தச் சங்கிலியின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் மற்றவர்கள் தட்டிக் குலுக்கட்டும். உங்கள் இரண்டு கைகளும் உள்பக்கமாக இழுபடும். வேகமாகக் குலுக்கினால் இழுப்பும் கூடும். மூலக்கூறுகளின் உலகத்தில் வெப்பம் என்பதே குலுக்கல்தானே! அதனால் சூடு ஏற ஏற இழுப்பு வலுக்கிறது. வாசகரின் கனூ மேல் துணியை இறுக்கிப் பிடித்திருக்கும் விசையின் மூலம் இதுதான். வெறும் எண்ணிக்கை, மரச்சட்டத்தை வளைக்கும் அளவுக்கு ஒரு விசையாகிறது. இயற்பியலில் இதைவிட அழகான இடம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இதற்குப் பெயர் என்ட்ரோபி. நம் பாடப்புத்தகங்கள் இதை 'ஒழுங்கின்மையின் அளவு' என்று ஒரு வரியில் சொல்லி, சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மாணவனால் எதையும் கணிக்க முடியாது. 'எத்தனை விதமாக இருக்கலாம் என்ற எண்ணிக்கை' என்று சொல்லி, வகுப்பில் ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் கொடுத்தால் நாற்பது நிமிடத்தில் புரிந்துவிடும். ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

சரி, ரப்பர் விட்டவுடன் சுருங்குகிறது. பாலியஸ்டர் துணி மட்டும் ஏன் இஸ்திரிப் பெட்டி வரும்வரை காத்திருக்கிறது? ஏனென்றால் அது உறைந்த ரப்பர். நூல் தயாரிக்கும்போது உருகிய பாலியஸ்டரை நுண்துளை வழியாகப் பிதுக்கி, பிறகு சில மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். சங்கிலிகள் இழுத்த திசையில் நீண்டு படுக்கின்றன. சுருளுவதற்குள் ஆறவைத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 70, 80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்தச் சங்கிலிகளால் புரளவே முடியாது. நீட்டிய நிலையிலேயே சிறைப்பட்டுக் கிடக்கின்றன. சூடு அந்த எல்லையைத் தாண்டியதும் சிறை திறக்கிறது. எண்ணிக்கை தன் வேலையைக் காட்டுகிறது. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலில் கொதிக்கும் நீரை ஊற்றி, அது சுருங்கிக் கோணிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலும் இதே பாலியஸ்டர்தான். அதையும் ஊதி இழுத்துத்தான் உருவாக்குகிறார்கள்.

இதைக் கையால் செய்துபார்க்க ஆசைப்பட்டு, தையல்கடையில் பாலியஸ்டர் லைனிங் துணி வாங்கி, ஒரு பழைய போட்டோ சட்டத்தில் ஒட்டி இஸ்திரி போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. திருப்பூரில் துணிப் பதனிடும் தொழிலில் இருக்கும் நண்பரைக் கேட்டதும் சிரித்தார். "அது ஹீட் செட் ஆன துணி. ஸ்டென்டர் மெஷினில் 190 டிகிரி பார்த்துவிட்டு வந்தது. உன் இஸ்திரிப் பெட்டியெல்லாம் அதை ஒன்றும் பண்ணாது" என்றார். அப்புறம் பதனிடாத கிரே துணி ஒரு முழம் அனுப்பினார். அதை ஒட்டி இஸ்திரி வைத்தேன். பெட்டி நகர நகர அதன் முன்னால் சுருக்கங்கள் ஓடி மறைந்தன. ஐந்து நிமிடத்தில் விரலால் சுண்டினால் டங்கென்று சத்தம். சட்டத்தின் நாலு பக்கமும் நடுவில் உள்ளே வளைந்திருந்தன.

நண்பர் சொன்னதில் இந்தக் கதையின் மறுபாதி இருக்கிறது. பாலியஸ்டரில் சங்கிலிகள் ஆங்காங்கே நெருங்கி அடுக்கி, சின்னச் சின்னப் படிகங்களாகி இருக்கின்றன. அவை முடிச்சுகள் மாதிரி; இடைப்பட்ட சங்கிலிகளைச் சுருளவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. குறைந்த சூட்டில் அரைகுறையான படிகங்கள் மட்டும் அவிழும். சூட்டைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் உறுதியானவையும் அவிழும். துணி மேலும் சுருங்கும். ஆறும்போது முடிச்சுகள் புதிய இடங்களில், முன்பைவிட உறுதியாக விழுகின்றன. ஆக, துணி தான் பார்த்த அதிகபட்சச் சூட்டை நினைவில் வைத்திருக்கிறது. அந்தச் சூட்டுக்குள் எத்தனை முறை காய்ச்சினாலும் பெரிதாக அசையாது. துணி போர்த்திய சிறு விமானங்களுக்கு இதே பாலியஸ்டரைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களும் முதலில் 121 டிகிரி, கடைசியில் 177 டிகிரி என்று படிப்படியாகத்தான் இஸ்திரி போடுகிறார்கள்.

இந்தத் துணி வந்த வழியையும் சொல்ல வேண்டும். இப்படி நீளச் சங்கிலி மூலக்கூறுகள் உண்டு என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எழுதியபோது பெரிய வேதியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல். அதற்குள் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் இங்கிலாந்தின் லங்காஷயரில், துணிக்கு அச்சுப் போடும் ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1941இல் இந்த இழையை உருவாக்கிவிட்டார்கள். அதுதான் டெரிலின். நம் அப்பாக்களும் தாத்தாக்களும் ஆசையாக வாங்கிய டெரிலின், டெரிகாட்டன் சட்டைகளின் இழை. கஃபின் உதடு, ஸ்டாடிங்கரின் பிடிவாதம் இரண்டுக்கும் அப்போது என்ன பயன் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே 'சமூகப் பயன்' என்ன என்று கேட்டுப் பணம் ஒதுக்கும் இன்றைய முறை எனக்குக் கவலை தருகிறது. சும்மா தெரிந்துகொள்வதற்கென்றே ஒரு பங்கு நிதி ஒதுக்கியாக வேண்டும்.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: நைலான் போட்டிருக்கலாமோ? பலர் நைலான்தான் போர்த்துகிறார்கள். பாறையில் உரசினால் அது நன்றாகத் தாங்கும். ஆனால் நைலான் சங்கிலியில் இருக்கும் அமைடு பிணைப்பு, நம் தோலின் புரதத்தில் இருக்கும் அதே பிணைப்பு. தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வது அதன் குணம். அதனால் தோலைப் போலவே நைலானும் ஈரத்தில் தளர்ந்து, காய்ந்தால் இறுகும். பறையை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவதும் இதற்குத்தான்: தோலிலிருந்து ஈரம் போனதும் அது விறைக்கிறது. பாலியஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய குடிப்பதே இல்லை. அது இறுகியது இறுகியதுதான். பாறை நிறைந்த ஆறு என்றால் நைலான் போடலாம். அமைதியான ஏரிக்குப் பாலியஸ்டரையே விட்டுவிடுங்கள்.

வெயில் பயம் வேண்டாம். நீங்கள் 121 டிகிரியில் இஸ்திரி போட்டிருந்தால், எந்தக் கோடை வெயிலும் அந்தத் துணிக்குப் புதிய சூடு இல்லை. ஆனால் வெயிலின் புற ஊதாக்கதிர் சங்கிலிகளையே அறுக்கும், அதனால் பெயின்ட் அவசியம். முன்பாதியை முடிக்கும்போது ஒரே பக்கமாகப் போகாதீர்கள். இடப்பக்கம் ஒரு முழம், வலப்பக்கம் ஒரு முழம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். இல்லையென்றால் கூடு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியின் டயலை நம்பாமல் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ரீப்பர்கள் உள்ளே வளையத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெயின்ட் அடிக்கும்வரை மிச்ச இறுக்கம் துணிக்குள்ளேயே இருக்கும். எங்காவது தளர்வாகத் தெரிந்தால் மறுநாள் இன்னும் கொஞ்சம் சூடு கூட்டி எடுத்துக்கொள்ளலாம்.