புது சர்வரின் கதவைத் தட்டுவது யார்?

வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் இன்னும் ஒரு பக்கம்கூட ஏற்றியிருக்க மாட்டோம். அதற்குள் லாகின் பதிவேட்டைத் திறந்தால் ரூட், அட்மின், டெஸ்ட் என்ற பெயர்களில் யார் யாரோ நுழையப் பார்த்திருப்பார்கள். நம்மேல் யாருக்கும் பகை இல்லை. இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இசட்மேப் என்ற கருவியால், ஒரே கணினியிலிருந்து பொது முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட்டை (ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசலை) 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க முடிந்தது. இன்று பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள் அதையே இரவு பகலாகச் செய்கின்றன.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்ற பயனர் எல்லா லினக்ஸிலும் உண்டு. பெயர் தெரிந்துவிட்டதால் கடவுச்சொல்லை மட்டும் ஊகித்தால் போதும். ஆகவே சூடோ (தேவையானபோது மட்டும் ரூட் அதிகாரத்தில் கட்டளையிடும் வழி) உரிமையுள்ள தனிப் பயனரை உருவாக்கி, ரூட் நேரடியாக லாகின் ஆவதை நிறுத்த வேண்டும்.

அடுத்து, கடவுச்சொல்லுக்கே விடை கொடுப்பது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அதை மறையாக்கித்தான் அனுப்புகிறது. ஆனால் மறுமுனையில் சர்வர் அதை முழுசாகப் பார்த்துவிடும். சாவி முறையில் அந்தப் பேச்சே இல்லை. நம் கணினியில் தனிச் சாவி, பொதுச் சாவி என இரண்டு சாவிகளை உருவாக்கி (ஈடி25519 வகை போதும்), பொதுச் சாவியை மட்டும் சர்வரில் வைக்கிறோம். நுழையும்போது, அந்த இணைப்புக்கே உரிய அடையாள எண்ணைச் சேர்த்து நம் கணினி தனிச் சாவியால் கையொப்பமிடும். சர்வர் அதைப் பொதுச் சாவியால் சரிபார்க்கும். கையொப்பத்தை ஒருவர் திருடினாலும் அடுத்த இணைப்புக்கு அது செல்லாது. சர்வரையே உடைத்தாலும் கிடைப்பது பொதுச் சாவிதான். அதைக் கொண்டு கையொப்பமிட முடியாது.

கடவுச்சொல் வழியை அடைக்கும் முன், பழைய இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் சாவி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அவசரப்பட்டு வெளியே நின்றவர்களில் நானும் ஒருவன்.

எஸ்எஸ்எச் வழக்கமாகக் காத்திருக்கும் 22-ஆம் போர்ட்டை வேறு எண்ணுக்கு மாற்றச் சொல்வார்கள். பதிவேட்டில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக நிறுவப்படும்படி வைப்பது அதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் 22, வலைத்தளத்துக்கான 80, 443 தவிர மற்ற போர்ட்டுகளை மூடிவிட்டு, எந்த நிரல் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று எஸ்எஸ் (ss) கட்டளையால் பாருங்கள். தரவுத்தளம், அந்தச் சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய 127.0.0.1-இல் இருந்தால் நிம்மதி. 0.0.0.0 என்றிருந்தால் எல்லா முகவரிகளிலும் அது காத்திருக்கிறது என்று பொருள். டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்: தான் வெளியிடும் போர்ட்டுக்கு அது லினக்ஸின் ஃபயர்வால் விதிகள் இருக்கும் ஐபிடேபிள்ஸில் தானே விதி எழுதிக்கொள்ளும். அந்த விதிகளை எளிதாக அமைக்க உதவும் யூஎஃப்டபிள்யூ மூடியாயிற்று என்று காட்டினாலும் போர்ட் திறந்தேதான் கிடக்கும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்து வெளியிட்டால் வெளியிலிருந்து எட்டாது.