‘டென்ஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்?

தேர்வுக்கூடத்துக்கு வெளியே காத்திருக்கும் தாய், “டென்ஷனாக இருக்கிறது” என்கிறார். கணக்கில் பிழையைக் கண்ட மேலாளரைப் பற்றி, “டென்ஷன் ஆகிவிட்டார்” என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். மாதக் கடைசியில் கடன் தவணையை நினைத்து ஒருவர், “ஒரே டென்ஷன்” என்று நெற்றியைத் தேய்க்கிறார். தாய்க்கு இருப்பது அச்சம். மேலாளருக்கு வந்தது சினம். தவணை கட்ட வேண்டியவருக்குக் கவலை. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

இழுத்தல், நீட்டுதல் என்னும் பொருள் கொண்ட ‘தெண்டெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது இந்தச் சொல். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, உடலின் உறுப்புகள் விறைத்து இழுபட்டு நிற்பதைக் குறித்தது. மனநிலையைக் குறிக்கத் தொடங்கியது பின்னாளில்தான். இந்த இலத்தீன் வினைக்கு நம் பக்கத்திலும் ஓர் உறவு உண்டு. சமஸ்கிருதத்தில் ‘தன்’ என்ற வேருக்கும் நீட்டுதல் என்றே பொருள். நூலைக் குறிக்கும் ‘தந்து’, இசைக்கருவியின் நரம்பைக் குறிக்கும் ‘தந்த்ரீ’ ஆகியவை அதிலிருந்து வந்தவை. அந்தத் தந்த்ரீதான் தமிழில் தந்தி. ஆக, வீணையில் இழுத்துக் கட்டிய தந்தியும், நாள் முழுவதும் நாம் சொல்லிக்கொண்டிருக்கும் டென்ஷனும் ஒரே மூல வேரின் வழிவந்தவை. எனக்கு மிகவும் பிடித்த சொல்லுறவு இது.

அறிவியலைத் தமிழில் எழுதியவர்கள் இந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடவில்லை. இயற்பியல் பாடத்தில் இது இழுவிசை. நீரின் மேற்பரப்பில் பரப்பு இழுவிசை. மின்கம்பியில் ‘ஹை டென்ஷன்’ என்றால் உயர் மின்னழுத்தம். மருத்துவரிடம் போனால் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்பது உயர் ரத்த அழுத்தம். ஊரில் கலவரம் மூளும் நிலை வந்தால் “அப்பகுதியில் பதற்றம் நிலவுகிறது” என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. இடத்துக்கு ஏற்ப இவ்வளவு துல்லியமாகப் பிரித்த நாம், மனத்துக்கு வந்ததும் பிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

அதுமட்டுமல்ல, தமிழ்ப் பேச்சில் சொல்லின் பொருளும் நகர்ந்திருக்கிறது. ‘டென்ஷனாக இருக்கிறது’ என்றால் பெரும்பாலும் பயம் அல்லது கவலை. ‘டென்ஷன் ஆகிவிட்டார்’ என்றால் கோபம். ‘டென்ஷன் ஆக்காதே’ என்றால் எரிச்சலூட்டாதே. துணைவினை மாறும்போது உணர்ச்சியே மாறிவிடுகிறது. கேட்பவருக்கு இது புரிந்துவிடும். சொல்பவருக்குத்தான், தனக்குள் இருப்பது எது என்பது பல நேரங்களில் தெரிவதில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது இதற்காகவே. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு பிறப்பிடங்களைச் சொல்கிறது அது. அச்சம் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தம் அரசர்) என்னும் நான்கில் பிறக்கும். வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை: அதாவது உறுப்பை வெட்டுதல், குடியினரைத் துன்புறுத்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெகுளிக்குக் காரணம் ஒருவர் செய்துவிட்ட தீங்கு. அச்சத்துக்குக் காரணம் இனி வரக்கூடிய தீங்கு. செய்யுளுக்காக வகுத்த இலக்கணம்தான். ஆனாலும் நெஞ்சு படபடக்கும்போது, “இது நடந்துவிட்டதைப் பற்றியதா, நடக்கப் போவதைப் பற்றியதா?” என்று கேட்டுக்கொள்ள எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பட்டியல்தான். இந்த எட்டும் அல்லாமல் இன்னும் 32 மெய்ப்பாடுகளையும் அது அடுக்குகிறது. விரைவு, உயிர்ப்பு, கையாறு, வியர்த்தல், ஐயம், நடுக்கு ஆகியவை அவற்றில் சில. உயிர்ப்பு என்பது பெருமூச்சு. கையாறு என்பது செயலற்றுப் போதல். டென்ஷன் என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்த பலவற்றுக்கு அங்கே தனித்தனிப் பெயர் இருக்கிறது.

பெயரிடுவதால் என்ன நடக்கும்? லாஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சினமோ அச்சமோ தெரியும் முகப்படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு உரிய பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெயரிட்டபோது, ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் ‘அமிக்டலா’ என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு தணிந்தது.

என் தாய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்த காலையில், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தம்பியிடம் மூன்று முறை “டென்ஷனாக இருக்கிறது” என்றேன். மூன்று முறையும் “காபி வாங்கி வரட்டுமா?” என்று கேட்டான். நான்காம் முறை, “பயமாக இருக்கிறது” என்றேன். அருகில் வந்து உட்கார்ந்தான். “எனக்கும்தான் அக்கா” என்றான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தசையும் மனமும் சேர்ந்து விறைத்து நிற்கும் நிலைக்கு ‘மன இறுக்கம்’ பொருத்தமானது. மூலச் சொல்லின் இழுபட்ட தன்மை அதில் ஓரளவு நிற்கிறது. நிதானம் இழந்த அவசரத்துக்குப் ‘பதற்றம்’. “பதறாத காரியம் சிதறாது” என்ற பழமொழி இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருக்கிறது. நாள்கணக்கில் உள்ளே இருந்து வலிப்பதற்கு ‘மன உளைச்சல்’. கால் உளைகிறது என்று சொல்லும் அதே உளைச்சல்தான். இதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியவில்லை. மற்ற இடங்களில் கோபம், பயம், கவலை என்று நேராகச் சொல்லிவிடலாம். ஒரே சொல்லுக்கு ஒரே சொல் தேடுவது இங்கே பயன்படாது.

‘மன அழுத்தம்’ என்பதை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். வேலைப் பளு போன்ற புறச் சுமைகளால் வரும் நெருக்கடிக்கும் அதையே எழுதுகிறார்கள், சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு நோய்க்கும் அதையே எழுதுகிறார்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி, துயரம் கலையாமல், உறக்கமும் பசியும் குலைந்திருந்தால் அது வெறும் அழுத்தம் அன்று, மனச்சோர்வாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் அந்தப் பெயரிலேயே கேட்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் ‘டெலி மானஸ்’ என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.