பார்க்காமலே கூடைக்குள் விழும் கொழுந்து: சிறுமூளை எப்படிப் பழகுகிறது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மா பக்கத்து நிரையில் நிற்கும் பெரியம்மாவோடு கதைத்துக்கொண்டே கொழுந்து பறிக்கிறார். இரண்டு கையும் தனித்தனியாக ஓடுகின்றன. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிகிறார், எல்லாம் கூடைக்குள் போகிறது. லீவு நாளில் நான் போனால் ஒவ்வொரு தளிராகப் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டியிருக்கிறது. எறிந்தால் பாதி மண்ணில். அம்மாவின் மூளையில் இருக்கும் ஏதோ ஒன்று எனக்கு இல்லையா?"

இருவருக்கும் உறுப்புகள் ஒன்றே. அம்மாவின் சிறுமூளைக்குள் கோடிக்கணக்கான இணைப்புகள் பல வருடங்களாகச் சீர்செய்யப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

கையை அசைக்கும் கட்டளை மூளையத்தின் (பெருமூளையின்) இயக்கப் பகுதியில் எழுந்து முண்ணாண் (தண்டுவடம்) வழியாகத் தசைக்குப் போவது பாடநூலில் இருக்கிறது. பாடநூல் ஒரு வரியில் கடந்துபோகும் சிறுமூளையை (நம் பாடத்தில் மூளி) கொஞ்சம் நின்று பார்ப்போம். பிடரிக்குச் சற்று மேலே, மூளையத்தின் பின்பகுதிக்கு அடியில் அது ஒட்டியிருக்கிறது. எடை மூளை முழுவதின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்களில் 6,900 கோடி இங்கேதான் இருக்கின்றன. இந்தக் கணக்கு 2009இல் வெளியானது. இத்தனை கலங்கள் எதற்கு?

தாமதத்தை ஈடுகட்டத்தான். கண் கண்டதைக் கொண்டு கையின் போக்கைத் திருத்த ஒரு செக்கனில் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை செல்லும். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் போகும் கை அதற்குள் 10 முதல் 20 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கும் தளிரோ அதைவிடச் சிறியது. ஆகவே வேகமாகப் பறிக்கும் கை, கண் சொல்லும்வரை காத்திருக்க முடியாது. கை எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, பிழை நடப்பதற்கு முன்பே திருத்தவேண்டும். சிறுமூளையின் முக்கிய வேலை இந்தக் கணிப்பு. முதலாம் உலகப் போரில் சிறுமூளையில் குண்டடிபட்ட சிப்பாய்களைப் பரிசோதித்த நரம்பியல் வைத்தியர் கோர்டன் ஹோம்ஸ், நோயாளி ஒருவர் சொன்னதைப் பதிவுசெய்திருக்கிறார்: இடது கை தானாகவே வேலை செய்கிறது, வலது கைக்கோ ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. கேள்வி கேட்ட மாணவி தன் விரல்களைப் பற்றிச் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

இனி உள்ளே போவோம். சிறுமூளையின் மடிப்புகளில் பர்கிஞ்சே கலங்கள் ஒற்றை வரிசையாக நிற்கின்றன. செக் நாட்டு விஞ்ஞானி பர்கிஞ்சே 1837இல் இவற்றை விவரித்தார். தோட்டத்து வேலியில் தட்டையாகக் கட்டி வளர்த்த மரம்போல இவற்றின் கிளைகள் ஒரே தளத்தில் விரிகின்றன. அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக, கிளைகளுக்கு ஊடே, மெல்லிய சமாந்தர இழைகள் ஓடுகின்றன. ஒரு பர்கிஞ்சே கலத்தை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சமாந்தர இழைகள் தொடுகின்றன. கை எந்த நிலையில் இருக்கிறது, தோள் எவ்வளவு திரும்பியிருக்கிறது, கால் எந்தச் சரிவில் ஊன்றியிருக்கிறது, மூளையம் இப்போது என்ன கட்டளை அனுப்பியது என்ற செய்தியெல்லாம் இந்த இழைகளில் வந்துகொண்டே இருக்கும்.

அதே கலத்துக்கு இன்னொரு வழியிலும் செய்தி வருகிறது. மூளைத்தண்டின் அடியில் உள்ள ஒலிவக் கரு என்ற நரம்புக்கலத் திரளிலிருந்து புறப்படும் ஏறு இழை, கொடிபோல் அதன் கிளைகளைச் சுற்றிப் படர்ந்து நூற்றுக்கணக்கான இடங்களில் தொடுகிறது. வளர்ந்த மூளையில் ஒரு பர்கிஞ்சே கலத்துக்கு ஒரே ஒரு ஏறு இழைதான். எலிக்குட்டிகள் பிறக்கும்போது ஒரு கலத்தில் பல ஏறு இழைகள் இருக்கின்றன. மூன்று வாரங்களுக்குள் அவை ஒன்றோடொன்று போட்டியிட்டு, ஒன்று நிலைக்க மற்றவை விலகுகின்றன. சமாந்தர இழைகளின் தூண்டலில் பர்கிஞ்சே கலம் செக்கனுக்குப் பல பத்துத் தடவை துடிக்கும். ஏறு இழையோ செக்கனுக்கு ஒரு தடவை அளவில்தான் குரல் கொடுக்கும். அப்படிக் கொடுக்கும்போது கலம் முழுவதும் அதிரும், கல்சியம் உள்ளே பாயும்.

அந்த அபூர்வமான குரல் சொல்வது, பெரும்பாலும், "பிழையாகிவிட்டது" என்பதே. சற்று முன் துடித்த சமாந்தர இழைகளின் இணைப்பில் ஏற்கெனவே ஒரு இரசாயன அடையாளம் விழுந்திருக்கும். அதன்மேல் ஏறு இழையின் கல்சியமும் சேர்ந்தால், அந்த இணைப்பில் செய்தியை வாங்கும் புரதங்கள் மேற்பரப்பிலிருந்து கலத்துக்குள் இழுக்கப்படுகின்றன. அடுத்த முறை அதே இழை துடித்தாலும் கலம் முன்போல் கேட்காது. பிழைக்கு வழிவிட்ட இணைப்புகள் இப்படி ஒவ்வொன்றாகத் தணிகின்றன. ஆய்வாளர்களான டேவிட் மார் 1969இலும் ஜேம்ஸ் அல்பஸ் 1971இலும் ஏறு இழையை ஆசிரியராகக் கொண்ட கற்றலைக் காகிதத்தில் கணித்தார்கள். இணைப்பு வலுவாகும் என்றார் மார், தணியும் என்றார் அல்பஸ். ஜப்பானின் மசாவோ இதோவும் சகாக்களும் 1982இல் முயலின் சிறுமூளையில் அளந்து காட்டியது தணிவைத்தான்.

இதில் மனதை அள்ளுவது நேரப் பொருத்தம். கண் பிழையைக் கண்டு சொல்வதற்குள் அந்த அசைவு முடிந்துவிடும். அப்படியானால் குற்றம் இப்போது துடிக்கும் இழைகளுடையதல்ல, கொஞ்சம் முன்பு துடித்தவற்றினுடையது. 2016இல் வெளியான ஆய்வில், எலியின் சிறுமூளையில் கண் அசைவைத் திருத்தும் பகுதியில், ஏறு இழைக்கு 120 மில்லிசெக்கன் முன்பு துடித்த இணைப்புகளே மாறின. பார்வைப் பிழை வந்துசேர எடுக்கும் தாமதமும் அவ்வளவுதான். தன் செய்தி எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை ஒரு தனிக் கலத்தின் இரசாயனம் கணக்கில் வைத்திருக்கிறது!

கூடை விஷயத்துக்கு வருவோம். 1996இல் வெளியான பரிசோதனையொன்றில், பார்வையைப் பக்கவாட்டில் திருப்பும் அரியக் கண்ணாடியை அணிவித்துக் களிமண் உருண்டைகளை இலக்கை நோக்கி எறியச் சொன்னார்கள். முதலில் தவறியவர்கள் 10 முதல் 30 எறிதல்களில் பழகிக்கொண்டார்கள். கண்ணாடியைக் கழற்றியதும் எதிர்ப்பக்கம் தவறினார்கள். திருத்தம் மூளையில் பதிந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. சிறுமூளையோ ஒலிவக் கருவோ பழுதான நோயாளிகளில் பலர் எத்தனை தடவை எறிந்தும் பழகவில்லை. கூடைக்குப் பதில் பை மாட்டினாலோ, தலைக்கயிற்றின் நீளத்தை மாற்றினாலோ, பழகிய கைக்கும் முதல் சில பிடிகள் தவறுவது இதனால்தான். தவறிய ஒவ்வொரு பிடியும் ஏறு இழைக்குப் பாடம். ஆகவே மாணவிக்குச் சொல்ல வேண்டியது: பிழைவிடும் அளவுக்கு வேகமாகவும், பிழை எங்கே விழுந்தது என்று தெரியும் அளவுக்குக் கவனமாகவும் பறியுங்கள். எப்போதும் பிழையே வராத மெதுவான கைக்கு ஏறு இழையிடமிருந்து பாடம் குறைவாகவே கிடைக்கும். பல நாள் பழகியபின் பாடத்தின் ஒரு பகுதி சிறுமூளையின் ஆழத்துக் கருக்களுக்கு இடம் மாறி நிலைத்துவிடுகிறது.

சரிவில் நின்று, செடியின்மேல் மட்டம் பார்க்க வைக்கும் மட்டக்கம்புக்கு மேலே எழுந்த தளிரை மட்டும் இரண்டு கையாலும் தேர்ந்து, நாளுக்கு 15 முதல் 20 கிலோ வரை பறிக்கும் தொழிலைத் திறன் தேவையில்லாத வேலை என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். நரம்பியல் தெரிந்த யாரும் அப்படிப் பேச முடியாது.

சிறுமூளை வளரும் காலம் கர்ப்பத்தின் கடைசி மாதங்களும் பிறந்தபின் முதல் இரண்டு வருடங்களும். 24ஆம் வாரத்துக்கும் 40ஆம் வாரத்துக்கும் இடையில் அதன் மேற்பரப்பு 30 மடங்குக்கும் மேல் விரிகிறது. சமாந்தர இழைகளுக்குச் சொந்தமான சிறுமணிக் கலங்கள் வெளி அடுக்கில் பெருகுகின்றன. பெருகச் சொல்லும் புரதத்தைச் சுரப்பது பர்கிஞ்சே கலங்களே, தமக்கு வேண்டிய இழைகளைத் தாமே வரவழைப்பதுபோல. பெருகிய கலம் பர்கிஞ்சே வரிசையைத் தாண்டி உள்ளே இறங்கும்போது தன் இழையை மேலேயே விட்டுவிட்டுப் போகிறது. சமாந்தர இழை உருவாகும் விதம் இதுதான். குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைக்கு இந்தப் பெருக்கம் குறையக்கூடும். கர்ப்பகால மதுபானம் பர்கிஞ்சே கலங்களையே அழிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. கசிப்பைப் பல வருடம் குடிப்பவருக்குச் சிறுமூளையின் மேல் நடுப்பகுதி சுருங்கும். சாப்பாட்டில் தயமின் (விற்றமின் B1) குறைந்தால் இன்னும் மோசம். முதலில் கெடுவது நடைதான்: குடிக்காத நாளிலும் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுவார். கைகள் அதிகம் கெடாததால் வீட்டார் கவனிக்கப் பிந்திவிடுகிறார்கள்.

பிள்ளைகளில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அம்மைக்குப் பிந்திய தள்ளாட்டம். கொப்புளிப்பான் கண்டு ஒன்றிரண்டு வாரத்தில், நன்றாக ஓடித்திரிந்த பிள்ளை திடீரென்று தடுமாறும், பேச்சுக் குழறும், கோப்பையை எடுக்கப்போன கை நடுங்கி இலக்கைத் தாண்டும். அம்மாளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குற்றம் என்று சொல்லி நூல் கட்டிக் காத்திருப்பது ஆபத்து. கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் வைத்தியசாலைக்குப் போன பிறகு கும்பிடுங்கள். இது சிறுமூளையில் வரும் அழற்சி. பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் முழுதாகத் தேறிவிடுவார்கள். ஆனால் மூளைக்காய்ச்சலும் கட்டியும் இதே தோற்றத்தில் வரலாம், வீட்டில் பிரித்தறிய முடியாது.

மூக்கு நுனியையும் எதிரே நீட்டிய உங்கள் விரலையும் பிள்ளையை மாறி மாறித் தொடச் சொல்லுங்கள். ஒரு கை மட்டும் தவறினால் பழுது அதே பக்கச் சிறுமூளையில், எதிர்ப்பக்கத்தில் அல்ல. வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். அம்மைக் காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது, அரிதாக அது மூளையையும் ஈரலையும் சேர்த்துத் தாக்கும். வயதுக்கும் எடைக்கும் ஏற்ற பரசிட்டமோல் போதும். தள்ளாட்டத்தோடு வாந்தி, தலையிடி, தூக்க மயக்கம், கழுத்து விறைப்பு எதுவாவது சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்காமல் தோட்டத்து வாகனத்தைக் கேட்டு எடுத்து, நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ அந்த இரவே கொண்டுபோங்கள்.