பனையேறி மூழ்கிச் செத்த கதை

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஐப்பசி மழையில் ஊர்க் கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்ந்தபோது, எதிரேறி வந்த மீன்களை மகனோடு போய்ப் பிடித்திருக்கிறார். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கத்தான். நாலு பனையேறி, ஏழெட்டுக் கெண்டைப்பொடி. மீனுக்குத் தண்ணீர் குறையக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் கேனைக் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி, பைக்கில் வைத்துக் கட்டி இரண்டு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறார். வீட்டில் திறந்து பார்த்தால் கெண்டைகள் ஓடித் திரிகின்றன. பனையேறி நாலும் செத்துக் கிடக்கின்றன. "சேற்றில் கிடந்தாலும் சாகாத மீன் என்பார்களே, அது எப்படி சார் முதலில் செத்தது?"

மூழ்கிச் செத்தது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நம்மை இரண்டு நிமிடம் கிணற்றுக்குள் அழுத்திப் பிடித்தால் என்ன ஆகுமோ, அதேதான் மெதுவாக அதற்கும் ஆகியிருக்கிறது.

செவுள் எப்படி வேலை செய்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். வாய் வழியாக வரும் தண்ணீர் செவுளைத் தடவிப் போகிறது, நீரில் கரைந்த ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. சரி. ஆனால் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவுதான் இருக்கும்? 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல நீரில் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் அளவுக்குக் கரையும். அதே சூட்டில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் இருக்கிறது; ஏறத்தாழ முப்பத்தாறு மடங்கு. வைக்கோலும் தழையும் அழுகிக் கிடக்கும் வயல் பள்ளத்தில், விடியற்காலையில், அந்த 7.5-உம் இருக்காது. ராத்திரி முழுக்கப் பாசியும் பாக்டீரியாவும் மூச்சுவிட்டே தீர்த்துவிட்டிருக்கும். மேலே ஒரு விரற்கடை தூரத்தில் காற்று கொட்டிக் கிடக்க, கீழே மீன்கள் திணறிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் செவுளை வெளியே நீட்டிக் காற்றை எடுத்துக்கொள்ளலாமே? முடியாது. கிணற்றில் முங்கும்போது தலைமுடி இழை இழையாக விரியும். மேலே வந்ததும் திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். செவுளும் அப்படித்தான். தாங்கிப் பிடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் அதன் மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடும். பரப்பு போய்விட்டால் மூச்சும் போய்விடும்.

பனையேறி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. அடுத்த முறை வீட்டில் பனையேறி ஆய்ந்தால் செவுள் மூடியை வெட்டி, செவுளுக்கு மேலே, தலைக்குள் இருக்கும் பொந்தைப் பாருங்கள். கோழிக்கொண்டைப் பூவைக் கிள்ளி உள்ளே செருகியதுபோல் மடிப்பு மடிப்பாக ஒன்று இருக்கும். செவுளைத் தாங்கும் வளைவுகளில் முதல் வளைவின் மேல்நுனி எலும்புதான் இப்படித் தகடாகப் பரந்து, நெளிந்து, மடிந்திருக்கிறது. மேலே மெல்லிய தோல். தோலுக்குள் நெருக்கமாக ரத்த நாளங்கள். சுற்றிச் சுற்றிப் போகும் வழிபோல இருப்பதால் ஆங்கிலத்தில் லாபிரிந்த் என்கிறார்கள். நாம் புதிர்ப்பாதை உறுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளே எலும்பு இருப்பதால் காற்றில் இது சுருளாது. மீன் மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கி இந்தப் பொந்தில் அடைத்துக்கொள்கிறது. பழைய காற்று செவுள் மூடி வழியே குமிழியாகப் போய்விடுகிறது.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். என்னைக் கிறங்கடிப்பது இதற்குப் பின்னால் இருக்கும் குழாய் வேலை. சாதாரண மீனில் இதயத்திலிருந்து கிளம்பும் அழுக்கு ரத்தம் செவுளுக்குப் போய், சுத்தமாகி, நேரே உடம்புக்குப் போகும். ஒரே சுற்று. பனையேறியிலோ புதிர்ப்பாதையில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட ரத்தம் சிரை வழியாக மறுபடி இதயத்துக்கே திரும்புகிறது. இதயம் அதை எங்கே தள்ளும்? மீண்டும் செவுளுக்குத்தான், வேறு வழி கிடையாது. அங்கேதான் ஆபத்து. வெளியே ஆக்சிஜன் இல்லாத குட்டைத் தண்ணீர். உள்ளே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். வாயு எப்போதும் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும். மீன் பாடுபட்டுக் காற்றிலிருந்து எடுத்ததெல்லாம் செவுள் வழியாகக் குட்டைக்குள் ஒழுகிப் போய்விடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமந்த கதை!

இதற்காகச் செவுள்களே வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முதல் இரண்டு செவுள் வளைவுகளுக்குப் போகிறது. அந்த ரத்தம்தான் அங்கிருந்து புதிர்ப்பாதைக்கு ஏறுகிறது. இன்னொரு கிளை கடைசி இரண்டு வளைவுகள் வழியாக உடம்புக்குப் போகிறது. அந்தக் கடைசி இரண்டிலும் செவுள் தகடுகள் குட்டையாகத் தேய்ந்திருக்கின்றன. ஒழுகும் பரப்பையே குறைத்துவிட்டது. நம் இதயம்போல நான்கு அறையெல்லாம் இல்லாமலேயே, ஒரு மீன், நல்ல ரத்தத்தைக் கூடியவரை ஒழுகவிடாமல் கொண்டு சேர்க்கிறது.

அதற்குக் கொடுத்த விலைதான் வாசகரின் கேனில் தெரிந்தது. செவுள் சிறுத்துப் போனதால், தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை மட்டும் நம்பி அதனால் காலம் தள்ள முடியாது. கேனில் மூச்சு வாங்க மேலே வந்தபோதெல்லாம் பிளாஸ்டிக் மூடிதான் முட்டியிருக்கும். கெண்டைக்கோ முழுச் செவுள்; கேன் தண்ணீரில் மிச்சமிருந்ததே அதற்குப் போதும். பனையேறிக்குச் செவுள் அடியோடு வேண்டாம் என்றும் எண்ணிவிடாதீர்கள். கரியமில வாயு நீரில் எளிதில் கரையும் என்பதால் அதைக் கழிப்பது பெரும்பாலும் செவுள்தான். கரையில் ஊர்ந்து போகும்போதும் அது ஈரமாக இருந்தாக வேண்டும். மழை ராத்திரியில் நடக்கப் புறப்படுவது அதற்குத் தோதாக இருக்கிறது.

நடப்பதும் கண்ணால் பார்க்க வேண்டிய காட்சி. செவுள் மூடியின் ஓரம் ரம்பம்போல முள்முள்ளாக இருக்கும். அதை விரித்துத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி நகரும். டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியை ஆண்ட காலத்தில், 1791-இல், டால்டார்ஃப் என்ற அதிகாரி குட்டையோரப் பனைமரம் ஒன்றில் நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797-இல் வெளியிட்டது. காக்கையும் பருந்தும் தூக்கிப் போய் மரத்தில் நழுவவிட்ட மீன்களைத்தான் ஏறியதாக நினைத்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு ஒரு விளக்கம் வந்தது. எனக்கும் காக்கை பக்கம்தான் சாய்வு. ஆனாலும் நம் ஆட்கள் வைத்த பெயர் அழகாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

விராலும் குறவையும் தேளியும்கூடக் காற்று குடிப்பவைதான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. விரால் என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஆஸ்துமாக்காரர்கள் வரிசையில் நின்று, வாயில் மருந்து அடைத்த உயிருள்ள விரால் குஞ்சை விழுங்குகிறார்கள். அந்தக் குஞ்சின் மூச்சுறுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள அதில் நூற்றில் ஒரு பங்கு கூட்டம் வந்தால் நான் மகிழ்வேன். மீன் ஆராய்ச்சி என்றாலே ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்பதோடு நம் கேள்விகள் முடிந்துவிடுகின்றன. கண்மாய்க் குறவைக்கு யார் நிதி கொடுப்பார்கள்?

இனி வளர்க்கும் விஷயம். பிடிக்கும் முன் கண்மாய்க் குத்தகைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்; காப்புக்காட்டு ஓடைப்பக்கம் போகவே வேண்டாம். நாலைந்து போதும். கேரள ஆறுகளின் மிஸ் கேரளா மீனைத் தொட்டி வியாபாரத்துக்காக அள்ளி அள்ளியே அருகிப் போகச் செய்துவிட்டார்கள். கொண்டுவரும் கேனில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. குளோரின் போன தண்ணீர், இரண்டு வாரம் தனித் தொட்டி, அப்புறம் சிறிது சிறிதாகத் தீனி. கெண்டைப்பொடியோடு சேர்த்து விடாதீர்கள், பனையேறி அதைத் தின்றுவிடும். வளர்த்து அலுத்துப் போனால் வேறு ஊர்க் குளத்தில் கொண்டுபோய் விடவும் கூடாது. ஜிலேபிக் கெண்டை 1952-இல் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். இன்று அது இல்லாத குளத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். நம் பனையேறியே ஆஸ்திரேலியாவின் வடக்கே சாய்பாய், போயிகு தீவுகளுக்கு வந்துவிட்டதால் அந்நாட்டுக்காரர்கள் பயந்துபோய்க் காவல் காக்கிறார்கள்.

தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே நாலு விரல் இடம், மூடியில் காற்று போக ஓட்டை. அப்புறம் மூடியின் மேல் ஒரு செங்கல். மறந்துவிட்டால், மழை பெய்யும் ராத்திரியில் மீன் உங்கள் சமையலறை வரை வந்திருக்கும்.