கரையில் கிடக்கும் உறையிலும் ஒரு விலாசம் இருக்கிறது: பிளாஸ்டிக் விதிகளைத் தாமிரபரணிக் கரையில் படிப்போம்

பள்ளிப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ கூட்டிப்போகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் செய்கிறோம். குப்பையைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறோம், சாக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறோம், வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அன்றைக்குக் கரை சுத்தமாகிறது. அடுத்த மழை வடிந்ததும் அதே இடத்தில் அதே கவர்கள் கிடக்கின்றன.

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். பொறுக்கியதைக் கட்டுவதற்கு முன்னால் புரட்டிப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும் என்று பிறகுதான் உறைத்தது. சாக்கில் கிடக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விதி இருக்கிறது. அதை யார் செய்தார், யார் விற்றார், யார் அள்ளியிருக்கவேண்டும் என்று அந்த விதி சொல்கிறது.

2016 மார்ச் 18 அன்று மத்திய அரசு அறிவித்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள்தான் இதற்கு அடிப்படை. 2011-இல் இருந்த பழைய விதிகளை நீக்கிவிட்டு இது வந்தது. அதுவரை நகரங்களின் விவகாரமாக இருந்த பிளாஸ்டிக் குப்பை அதோடு கிராம ஊராட்சிகளின் பொறுப்பாகவும் ஆனது. ஆறு ஊர் ஊராகப் போகிறது என்பதால் இந்த ஒரு மாற்றம் மிகப் பெரியது. அந்த விதிகள் 2018, 2021, 2022, 2024 எனப் பலமுறை திருத்தப்பட்டிருக்கின்றன.

தாமிரபரணியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறு. காவிரியைப் போல மேலே வேறு மாநிலம் இருக்கிறது, அங்கிருந்து வந்த குப்பை என்று யாரும் கைகாட்ட முடியாது. பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று இதன் கரையில் இருக்கிற ஊர்களின் குப்பைதான் இதில் வருகிறது. அவற்றின் உள்ளாட்சிகள் எவை என்று ஒரு தாளில் எழுதிவிடலாம்.

வெள்ளம் வடிந்தபின் போய்ப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது ஆறு எவ்வளவு உயரம் ஏறியது என்பதைக் கரையோரச் சீமைக்கருவேலக் கிளைகளில் சுற்றிக்கிடந்த கவர்களை வைத்தே அளந்து சொல்லலாம் போலிருந்தது. மரத்தில் மாட்டிக்கொண்டது கொஞ்சம்தான். மீதியெல்லாம் கடலுக்குப் போய்விட்டது.

சாக்கைக் கொட்டினால் முதலில் கையில் வருவது கேரி பேக். இதில் மத்திய அரசின் விதி ஒன்று, தமிழ்நாட்டின் விதி வேறொன்று. கடைக்காரரும் வாங்குகிறவரும் குழம்புவது இங்கேதான். மத்திய விதிப்படி கேரி பேக்கின் கனம் 2021 செப்டம்பர் 30 முதல் குறைந்தது 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் குறைந்தது 120 மைக்ரான் இருக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். ஆனால் தமிழ்நாட்டில் 2018 ஜூன் 25 தேதியிட்ட அரசாணை 84-இன்படி, 2019 ஜனவரி 1 முதல் எந்தக் கனத்தில் இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. ஆகவே "இது நூற்றிருபது மைக்ரான் சார், கொடுக்கலாம்" என்று நம்மூர்க் கடையில் சொன்னால் அது சரியில்லை. மாநிலம் மத்திய விதியைவிடக் கடுமையாக இருக்கலாம், இருக்கிறது.

அதே அரசாணை தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும், டீ கப், டம்ளர், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், பிளாஸ்டிக் கொடி எல்லாவற்றையும் தடைசெய்கிறது. பால் கவர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு உண்டு. மக்கும் பைக்கும் விலக்கு உண்டு. கடையில் நீட்டுகிற மெல்லிய பச்சைப் பையை "இது மக்கும்" என்று சொல்வது இதை வைத்துத்தான். உண்மையில் மக்கும் பை என்றால் தயாரித்தவர் பெயரும் சான்றிதழ் எண்ணும் அதன்மேல் அச்சாகியிருக்கவேண்டும். எண் இல்லையா, அது சாதாரண பிளாஸ்டிக் பை என்றே நோட்டில் எழுதுங்கள். விலக்கு பெறுவதற்கு நிறம் போதாது.

நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிளாஸ்டிக் குச்சி வைத்த காது பட்ஸ், பலூன் குச்சி, மிட்டாய்க் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், ஸ்பூன், ஃபோர்க், கத்தி, தட்டு, கப், ஸ்ட்ரா, 100 மைக்ரானுக்குக் குறைந்த பேனர் எல்லாம் அதில் அடக்கம். ஸ்வீட் பாக்ஸ், கல்யாணப் பத்திரிகை, சிகரெட் பெட்டி மேல் சுற்றும் மெல்லிய தாளும் தடைப் பட்டியலில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, சேமிப்பது, விற்பது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம்.

பான் மசாலா, புகையிலைப் பாக்கெட்டைத் தனியாக எழுதுங்கள். அவற்றை எந்த வகை பிளாஸ்டிக்கிலும் அடைத்து விற்கக்கூடாது என்பது 2016 விதியிலேயே இருக்கிறது. படித்துறையில் அது கிடக்காத நாளை நான் பார்த்ததில்லை.

இனி, சாக்கில் பெரும்பங்காக இருக்கும் ஷாம்பு சாஷே, சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, தண்ணீர் பாட்டில். மத்திய விதியில் இவற்றுக்குத் தடை இல்லை. ஆனால் பொறுப்பு இருக்கிறது. "உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு" என்று இதற்குப் பெயர். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து இ.பி.ஆர். என்பார்கள். பொருளை விற்றதோடு கம்பெனியின் வேலை முடியவில்லை, உறை குப்பையான பிறகும் அதற்கு அந்தக் கம்பெனியே பொறுப்பு என்பதுதான் இதன் சாரம்.

2022 பிப்ரவரி 16 அன்று வந்த திருத்தம் இதற்குக் கணக்கு வைத்தது. சந்தைக்கு விடும் பிளாஸ்டிக் உறையின் எடையில் 2021-22-இல் 25 சதவீதம், 2022-23-இல் 70 சதவீதம், 2023-24 முதல் 100 சதவீதம் என்ற அளவுக்குக் கம்பெனிகள் பொறுப்பேற்கவேண்டும். பாட்டில், டப்பா போன்ற கெட்டியானவை முதல் வகை. கவர், சாஷே போன்ற வளைபவை இரண்டாவது. பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் அடுக்கடுக்காக ஒட்டிய உறை மூன்றாவது. மக்கும் பிளாஸ்டிக் நான்காவது. உள்ளே வெள்ளி மாதிரி மின்னும் சிப்ஸ் பாக்கெட் பெரும்பாலும் மூன்றாவதில் வரும். பழைய பேப்பர்காரர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இதை விட்டுப் போவது ஏன் என்றும் இப்போது புரியும். அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கஷ்டம், அதனால் விலை இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் தெரிந்திருக்கவேண்டும். ஒரு கம்பெனி தன் உறையையே தேடிப்பிடித்து எடுக்கவேண்டும் என்று விதி சொல்லவில்லை. எங்கோ ஒரு மறுசுழற்சி ஆலை அதே வகைக் கழிவை அதே எடைக்குப் பதப்படுத்தியதற்கான சான்றிதழை வாங்கினால் கணக்கு நேராகிவிடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இந்தப் பதிவுகள் நடக்கின்றன. 2023-இல் வாரியமே சில ஆலைகளை ஆய்வு செய்தபோது சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் வெளிப்பட்டன. தாளில் நூற்றுக்கு நூறு ஆகிவிட்டது, ஆற்றில் உறை அப்படியே கிடக்கிறது. இந்த இடைவெளிக்குச் சாட்சி யார்? கரையில் நடந்து, கண்ணால் பார்த்து, எண்ணி எழுதுகிறவர்தான். பிள்ளைகளின் நோட்டை நான் இவ்வளவு மதிப்பதற்கு இதுவே காரணம்.

அதனால் எழுதும்போது இப்படி எழுதச் சொல்லுங்கள்: தேதி, இடம், எவ்வளவு நீளக் கரை, பொருள், கம்பெனி பெயர், பதிவு எண் இருக்கிறதா இல்லையா, எத்தனை. கேரி பேக்கிலும் பல அடுக்கு உறையிலும் பெயரும் பதிவு எண்ணும், கேரி பேக் என்றால் கனமும் அச்சிடவேண்டும், அல்லது 2025 ஜூலை முதல் பார்கோடு, க்யூ.ஆர். குறியீடு போன்ற வழியில் தரவேண்டும் என்பது விதி. மிகச் சிறிய உறைகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஒரே நூறு மீட்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணினால் போதும். பத்து இடத்துக்கு ஒருதரம் போவதைவிட இது பயன்.

எழுதியதை எங்கே கொடுப்பது? தடைசெய்த பொருள் விற்கப்படுவதைப் பார்த்தால் மத்திய வாரியத்தின் புகார் செயலியில் படத்தோடு பதியலாம். மாவட்டத்திலுள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும், மாநகராட்சி, நகராட்சி என்றால் சுகாதார ஆய்வாளருக்கும் எழுதலாம். அள்ளாமல் கிடக்கும் குப்பை என்றால் அது உள்ளாட்சியின் கடமை. பிரித்து வாங்குவது, சேமிப்பது, மறுசுழற்சிக்கு அனுப்புவது, திறந்த வெளியில் எரிக்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றோடு மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதும் அதன் வேலை என்று 2016 விதியே சொல்கிறது. ஆகவே ஆற்று நடைக்குச் சாக்கும் வண்டியும் தாருங்கள் என்று ஊராட்சியிடம் கேட்பது உரிமைதான், சலுகை அல்ல. பொறுக்கியதை எடுத்துப்போக வண்டி வருகிறதா என்று முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். கரையில் கட்டிவைத்த சாக்கு அடுத்த நாளே எரிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புகையைப் பார்த்த பிள்ளைகளின் முகம் இன்னும் மறக்கவில்லை.

தண்டனையும் மாறியிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்பு ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டபின், 2024 ஏப்ரல் முதல் 10 ஆயிரம் ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றாகிவிட்டது. கடைகளுக்கு உள்ளாட்சி விதிக்கும் அபராதம் இதற்கு வெளியே.

திருவிழாக்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். திறந்தவெளியில் நிகழ்ச்சி நடத்தி பிளாஸ்டிக் உறையில் உணவு கொடுக்கிறவர் அந்தக் கழிவைப் பிரித்து அகற்றும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்கிறது விதி. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கு வருகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம், ஆற்றின் தலைமாடு. அங்கே அன்னதானம் போடும் புண்ணியவான்கள் வாழை இலையிலும் எவர்சில்வர் டம்ளரிலும் கொடுத்தாலே கீழே வரும் பாதிக் குப்பை நின்றுவிடும் என்று நினைக்கிறேன். பாபநாசத்தில் முழுகியெழுந்து துணியை ஆற்றோடு விடுகிற வழக்கமும் இருக்கிறது. முன்பு அது பருத்தி. இன்றைக்குப் பெரும்பாலும் பாலியஸ்டர், அதுவும் பிளாஸ்டிக் இழைதான். நைந்து பொடிப்பொடியாகி நீரோடு போகும். 1 மைக்ரானிலிருந்து 1000 மைக்ரான் வரையுள்ள, நீரில் கரையாத துணுக்கு நுண்பிளாஸ்டிக் என்று 2024 மார்ச் திருத்தம் வரையறை தந்திருக்கிறது. இந்தத் துணுக்குகளைச் சாக்கில் பொறுக்க முடியாது. மேலே தடுக்காததைக் கீழே அள்ளமுடியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

முகத்துவாரத்துக்கு வந்தால் வேறு இரண்டு பொருள் தென்படும். ஒன்று நைலான் வலைத் துண்டு. கப்பல்களும் படகுகளும் பிளாஸ்டிக்கைக் கடலில் போடக்கூடாது என்பது மார்போல் என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு. 1988 டிசம்பர் 31 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அறுந்த வலையை மீனவர் வேண்டுமென்று விடுவதில்லை, பாறையில் மாட்டி அறுந்துபோகிறது. அவர்களைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கூட்டாளியாகச் சேர்க்கிற திட்டங்களே பலன் தருகின்றன. கொல்லம் பக்கத்திலுள்ள நீண்டகரையில் 2017-இல் கேரள அரசு தொடங்கிய சுசித்வ சாகரம் திட்டத்தில், வலையில் மீனோடு ஏறும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் கொட்டாமல் மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்திலேயே அதை அரைத்துச் சாலை போடக் கொடுத்தார்கள். நம் துறைமுகங்களிலும் இதைக் கேட்கலாம்.

இன்னொன்று, பயறு அளவில் வெள்ளை மணி. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலிலிருந்து சிதறிய இந்த பிளாஸ்டிக் மூலப்பொருள் மணிகள் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் ஒதுங்கின. இதை வெறுங்கையால் பொறுக்கவிடாதீர்கள். உறை விதிகள் எதுவும் இதற்குப் பொருந்தாது. இது கப்பல் விபத்துக் கணக்கு, பார்த்தால் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்வதே வழி.

போவதற்கு முன் சில ஏற்பாடுகள். புலிகள் காப்பகத்துக்குள் என்றாலும் மன்னார் வளைகுடாத் தீவுகள் என்றாலும் வனத்துறை அனுமதி கட்டாயம். மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றில் எங்கே இருக்கின்றன என்று உள்ளூர்க்காரரைக் கேட்காமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஊசி, கண்ணாடி, நாப்கின் ஆகியவற்றைப் பெரியவர்கள் இடுக்கியால் எடுக்கட்டும். பள்ளியில் தேசியப் பசுமைப் படை என்னும் மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் இருந்தால் அதன் பொறுப்பாசிரியர் மூலம் ஏற்பாடு செய்வது சுலபம்.

எண்ணி முடித்த கணக்கை ஒரு பக்கமாகச் சுருக்கி கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. இதில் மார்ச் 22 உலக தண்ணீர் தினம். ஆற்றங்கரை ஊருக்கு இதைப் பேசப் பொருத்தமான நாள் அதுதான். கணக்கை வாசிப்பது பிள்ளைகளாகவே இருக்கட்டும், ஆனால் தீர்மானமாக எழுதிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிப் பெரியவர்கள் கேட்கவேண்டும். தீர்மானம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். மனுவில் உங்கள் நூறு மீட்டர் கணக்கின் நகலையும் மறக்காமல் இணையுங்கள்.